நூலால் அளந்த தூரம்

"மாமா, நீங்க எங்க வீட்ல இருந்து எவ்ளோ தூரத்துல இருக்கீங்க?"

வீடியோ அழைப்பில் அக்கா மகள் கேட்டாள். அவள் நியூயார்க்கில், நான் சிங்கப்பூரில். அவளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் கிலோமீட்டர் சொல்லிக்கொடுத்த வாரம் போலிருக்கிறது, எதைப் பார்த்தாலும் அளந்துகொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக இரண்டு ஊர்ப் பெயர்களையும் இணையத்தில் தட்டினேன். 15,350 கிலோமீட்டர் என்று வந்தது. அதற்குக் கீழேயே பயண நேரம், பதினேழரை மணி.

சொன்னதும் திரையை விட்டு ஓடினாள். உலக உருண்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே அக்காவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல். ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டாள், மறு முனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கினாள். நூல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, கடைசியில் உருண்டையின் உச்சியில் போய் அமர்ந்தது.

"மாமா, நூல் பனிக்கரடி இருக்கிற எடத்துக்குப் போயிடுச்சு!"

நான் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். அவள் நூல்தான் சரி. அதை அவளுக்கு அன்றே விளக்கத் தெரியாதது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தல்தான் இவ்வளவு எழுத வைக்கிறது.

கணக்கைக் காகிதத்திலேயே போடலாம். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் விமான நிலையம் கிழக்கு 104 பாகையில், நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் மேற்கு 74 பாகையில். கூட்டினால் 178. பூமியின் சரி எதிர்ப்பக்கம் என்றால் 180 இருக்க வேண்டும், இரண்டே பாகைதான் குறைவு. அப்படி எதிரெதிராக இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் குறுக்கு வழி, பக்கவாட்டில் சுற்றிப் போவதல்ல, தலைக்கு மேலே ஏறி இறங்குவதுதான். சிங்கப்பூரிலிருந்து வட துருவம் வரை ஏறத்தாழ 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். இணையம் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். எட்டு வயதுக் குழந்தையின் நூலும் அதே வழிதான் போனது.

இந்த வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியின் நடுப்புள்ளி வழியாக ஒரு கத்தியைச் செலுத்தி இரண்டாக வெட்டினால், மேல்தோலில் விழும் கோடு அது. நாம் சுவரில் மாட்டிப் பழகிய வரைபடம் மெர்கேட்டர் 1569ல் வரைந்த முறையின் வாரிசு. கப்பலோட்டிக்கு அது வரம், திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால் வரைபடத்தில் நேர்கோடாக விழும். ஆனால் அந்த நேர்கோடு குறுக்கு வழியாக இருப்பது அரிது. பெருவட்டத்தில் போகிறவர் திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1927ல் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்தபோது இதைத்தான் செய்தார். சுமார் 5,800 கிலோமீட்டர் பெருவட்டத்தை நூறு நூறு மைல் துண்டுகளாக முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, துண்டுக்குத் துண்டு திசையைக் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பறந்தார். தூங்காமல் முப்பத்து மூன்றரை மணி நேரம்.

சரி, தூரம் தீர்ந்தது. அந்த ஜனவரியில் அக்காவைப் பார்க்க நானும் கிளம்பினேன். நேரடி விமானம். உலகில் வாடிக்கையாக ஓடும் நேரடிப் பயணங்களில் இதுதான் மிக நீளமானது, நேரம் பதினெட்டரை மணிக்கு மேல். இருக்கைக்கு முன்னால் உள்ள வரைபடத்தை நான் அணைக்கவே இல்லை. கிளம்பியதும் நேர் வடக்கே தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நூல் போன வழியில் போவோம் என்று மனதுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. விமானமோ வடகிழக்கே திரும்பியது. பிலிப்பீன்ஸ், தைவான் பக்கம், ஜப்பான், அப்புறம் கரையே தெரியாத வட பசிபிக், அலாஸ்கா, கனடா. பறந்த தூரம் பதினாறாயிரத்தைத் தாண்டிவிட்டது. பனிக்கரடி இருக்கும் இடத்துக்குப் போகவே இல்லை.

போய்ச் சேர்ந்ததும் முதல் விசாரணை அதுதான். "மாமா, நூல் ஒரு வழி காட்டுச்சு. நீங்க ஏன் வேற வழியா வந்தீங்க?"

காற்று என்றேன். ஒரே சொல்லில் முடித்துவிட்டேன், ஆனால் அது ஒரே சொல்லில் முடிகிற விஷயமே இல்லை.

வெப்பமண்டலத்துக் காற்று சூடானது, துருவத்துக் காற்று குளிர்ந்தது. இரண்டும் எல்லை போட்டு நிற்கும் இடத்தில், தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். நம் விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலான வேறுபாடு குளிர்காலத்தில் கூடுவதால் ஆறும் அப்போது பெருக்கெடுக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது அங்கே சாதாரணம், சில நாட்களில் 300ஐயும் தாண்டும். ஜப்பானுக்கு மேலே அது உலகிலேயே மிக வலுவாக ஓடும் இடங்களில் ஒன்று.

அதை முதலில் அளந்தவரும் ஜப்பானியர்தான், வாசாபுரோ ஓயிஷி. 1920களில் தாத்தேனோ என்ற இடத்தில் இருந்த வானிலை ஆய்வகத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, தொலைநோக்கியில் அவற்றின் போக்கைத் தொடர்ந்து, குளிர்காலத்தில் அந்த உயரத்தில் அசாத்திய வேகத்தில் காற்று வீசுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு 1926ல் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி அது. வெளியுலகில் யாரும் கவனிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1944ல், அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்தபோது அந்தக் காற்றில் போய் முட்டித்தான் அமெரிக்கர்கள் அதைத் தெரிந்துகொண்டார்கள். இந்தக் கதையைப் படித்த அன்று எனக்கு மனம் கனத்துவிட்டது. எல்லோருக்குமாக எழுதிய ஒரு மனிதரை எல்லோரும் தவறவிட்டிருக்கிறார்கள்.

நான் போன விமானம் ஜப்பானைத் தாண்டியதும் திரையில் வேகம் ஏறத் தொடங்கியது. மணிக்கு 900 என்று இருந்தது 1,000 ஆயிற்று, 1,100 ஆயிற்று. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தானே, ஒலியைத் தாண்டிவிட்டோமா என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. ஆற்றோடு போகும் பரிசலைக் கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அது விரைகிறது, பரிசலைச் சுற்றியுள்ள தண்ணீருக்கோ அது வழக்கமான வேகம்தான். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு எப்போதும்போல 900ல்தான் பறந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று மொத்தமும் எங்களைச் சுமந்துகொண்டு கிழக்கே ஓடியது.

இதில் ஒரு தவறான விளக்கம் பரவலாக இருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால், மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும், சீக்கிரம் சேரலாம் என்பார்கள். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது, உண்மைதான். ஆனால் காற்றும் அதோடு சேர்ந்து சுழல்கிறதே. இல்லாவிட்டால் வீட்டு வாசலில் நிற்கவே முடியாது. நடப்பதும் இதற்கு நேர்மாறு. பெரும்பாலான நீண்ட பயணங்களில் மேற்கே போவதுதான் மெதுவாக இருக்கிறது. பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு, மறைமுகமான பங்கு. துருவத்தை நோக்கி நகரும் காற்றை அது கிழக்கே திருப்பிவிடுகிறது. அப்படித்தான் அந்த ஆறே பிறக்கிறது.

போகும்போது காற்று தருவதை வரும்போது எடுத்துக்கொள்ளும், மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆகாது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். காற்றே இல்லாமல் 900 வேகத்தில் போய்வந்தால் 12 மணி 20 நிமிடம். 100 கிலோமீட்டர் காற்று வீசினால், ஒரு பக்கம் 1,000 வேகத்தில் 5 மணி 33 நிமிடம், மறு பக்கம் 800 வேகத்தில் 6 மணி 56 நிமிடம், ஆக 12 மணி 29 நிமிடம். ஒன்பது நிமிடம் நட்டம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதன் பிடியில் கூடுதல் நேரம் இருக்கிறோம், அதுதான் காரணம். ஒரே வழியில் போய்வருகிற வரை காற்று எப்போதும் நம்மிடம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

காற்றின் உச்சக்கட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் துணையோடு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. இதையும்விட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா அந்தப் பயணத்தை அட்லாண்டிக் வழியாகச் செய்துகொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300 ஆயிற்று, 1,400 கிலோமீட்டர் அதிகம். பயண நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது, பழைய வழியைவிட இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டக் குறைவு. அட்லாண்டிக் வழியில் காற்று எதிரே நின்றது, பசிபிக் வழியில் முதுகைத் தள்ளியது. தூரம் அதிகமான வழி நேரம் குறைவான வழியாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிக்கொள்ளும் இணையக் கணக்குக்கு இது எட்டவே எட்டாது. அது கொடுத்த பதினேழரை மணியும் அப்படி வந்ததுதான்.

காற்றை விட்டால் அடுத்தது எல்லைகள். பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர், ரஷ்யாவுக்கு மேலே நேராகப் போனால் ஒன்பதரை மணி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அந்த வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிவிட்டது. இப்போது தெற்கே சுற்றியோ, வட துருவத்துக்கு மேலே ஏறியோ போகிறார்கள், சுமார் 13 மணி. இது புதிதும் அல்ல. 1983ல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் டோக்கியோவுக்கு முதல் நேரடி விமானம் விட்டபோதும் துருவத்து வழியாகத்தான் விட்டது, அப்போது சோவியத் வானம் திறக்கவில்லை. மற்ற பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் இருப்பவர்களின் சண்டையும் சமாதானமும் அவற்றை மூன்று மணி நேரம் தள்ளி வைக்கிறது, பிறகு பக்கத்தில் கொண்டுவருகிறது, மறுபடி தள்ளி வைக்கிறது.

மலைகளுக்கும் பங்கு உண்டு. திபெத் பீடபூமிக்கு மேலே விமானங்கள் அதிகம் போவதில்லை. உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. கடலுக்கும் இதைப்போல ஒரு விதி. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மற்றதை வைத்துக்கொண்டு இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும் என்பார்கள். முன்பு அது 60 நிமிடம், 1985ல் 120 ஆயிற்று, இன்று ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி. எஞ்சின்களின் மேல் நம்பிக்கை கூடக் கூட வழிகள் நிமிர்ந்தன. தென் பசிபிக்கின் வெறுமைக்கு மேலே சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு இன்று இரண்டு எஞ்சினோடு போக முடிகிறது என்றால் அதனால்தான்.

வேகம் மட்டும் நிமிரவில்லை. 1958ல் போயிங் 707 அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியபோதே ஏறக்குறைய இன்றைய வேகத்தில்தான் பறந்தது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் 1996ல் நியூயார்க்–லண்டனை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்தது, 2003ல் அதுவும் ஓய்ந்தது. பிறகு எப்படித்தான் பயணங்கள் சுருங்கின? பெரும்பகுதி, நிற்காமல் போவதால். 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவன விமானம் வழியெல்லாம் இறங்கி இறங்கிப் போக நான்கு நாள் ஆனது. 2018 மார்ச்சில் அதே நிறுவனம் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,498 கிலோமீட்டரை ஒரே மூச்சில், சுமார் 17 மணி நேரத்தில் கடந்தது.

ஒரே மூச்சில் போவதற்கு விலை எரிபொருள்தான். கொண்டுபோகும் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிய வேண்டும். நான் போனது ஏ350-900யுஎல்ஆர் என்ற வகை. 1,65,000 லிட்டர் கொள்ளும், இருக்கைகளோ 161தான். முதல் சில மணி நேரம் பாரம் தாங்காமல் தாழ்வாகவே பறக்கிறது, எரிபொருள் கரையக் கரைய படிப்படியாக உயரே ஏறுகிறது. திரையில் உயரம் இரண்டாயிரம் அடி கூடும் ஒவ்வொரு முறையும், விமானம் மூச்சு வாங்கி ஒரு படி ஏறியதுபோல் எனக்குத் தோன்றும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு 2004லிருந்து ஓடிய நான்கு எஞ்சின் ஏ340-500ஐ 2013ல் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு குடித்தது அது. ஐந்து ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு, 2018 அக்டோபரில்தான் நேரடி விமானம் திரும்பி வந்தது.

பயணச்சீட்டில் நேரத்தைப் பார்த்தால் இதெல்லாம் எதுவும் தெரியாது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை ஆறு மணிக்கு இறங்குவதாக அச்சிட்டிருந்தது. ஆறு மணி நேரப் பயணம் போல. நடுவில் உள்ள 13 மணி நேர வித்தியாசத்தை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒரு அதிசயம் ஒளிந்திருந்தது. சிங்கப்பூரில் அன்று காலை சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஜப்பானைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. எல்லோரும் தூங்கினார்கள். பிறகு கனடாவின் உறைந்த ஏரிகளுக்கு மேலே, சன்னல் மூடியைக் கொஞ்சம் தூக்கியபோது, கீழ்வானம் சிவந்துகொண்டிருந்தது. சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டிவிட்டதால் கைபேசியில் இன்னும் அதே தேதி. ஒரே தேதியில் இரண்டு விடியல்.

இரண்டாம் உலகப்போரில் இதைவிட உண்மையான இரட்டை விடியலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1943 முதல் 1945 வரை பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே, சுமார் 5,600 கிலோமீட்டர், கட்டலினா நீர்விமானங்கள் பறந்தன. எதிரிக்குத் தெரியாமல் இருக்க வானொலியை அணைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்து, 27 முதல் 33 மணி நேரம். வழியில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். போனவர்களுக்கு 'இரட்டை விடியலின் இரகசிய அணி' என்று சான்றிதழ் கொடுத்தார்களாம். சிங்கப்பூர்–நியூயார்க் தூரத்தில் பாதிக்கும் குறைவு அது, நேரமோ ஒன்றரை மடங்கு.

இதை அவளிடம் சொன்னதும் எனக்கும் ஒரு சான்றிதழ் தயாரானது. வண்ணப் பென்சிலில் இரண்டு சூரியன், நடுவில் ஒரு விமானம்.

திரும்பும்போது வாசலில் நின்று, "இந்தத் தடவை எந்த வழியா போறீங்கன்னு பாத்து வைங்க மாமா" என்றாள். "டேய், தூங்காம மேப்பையே பாத்துட்டு உக்காராதே" என்றாள் அக்கா. நான் அவள் மகள் சொன்னதைத்தான் கேட்டேன். வந்த வழியே பசிபிக்கில் திரும்பினால் அந்தக் காற்றாற்றை எதிர்த்துப் பதினெட்டு மணி நேரம் நீந்த வேண்டும். விமானம் அப்படிச் செய்யவில்லை. இரவு பத்தரைக்குக் கிளம்பி மீண்டும் கிழக்கே திரும்பியது. அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, காஸ்பியன் கடல், இந்தியா, வங்காள விரிகுடா. போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. வீடு வந்து சேர்ந்தது நாட்காட்டியில் இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில்.

ஊர்ப் பெயர்களை வரிசையாக அவளுக்கு அனுப்பினேன். அன்று மாலையே ஒரு படம் வந்தது. உருண்டையின் உச்சியில் பழைய சிவப்பு நூல். நான் போன வழியில் நீல நூல், ஜப்பான் மேலும் அலாஸ்கா மேலும் ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தாள். வந்த வழியில் பச்சை நூல். நீலமும் பச்சையும் நியூயார்க்கில் ஒரு முடிச்சு, சிங்கப்பூரில் ஒரு முடிச்சு. படத்தில் உருண்டையின் மறுபக்கம் தெரியவில்லை என்று நான் சொல்வதற்குள் ஒரு காணொளியும் வந்தது. அவள் உருண்டையை மெதுவாகச் சுற்றுகிறாள், நூல் எங்கேயும் அறுபடாமல் பூமியைச் சுற்றி வருகிறது.